தேத்தண்ணி கொடுப்போம், ‘சீனி எவ்வளவு?’ என்றும் கேட்போம்



அடுத்த முறை ஒரு திருமண வீட்டுக்கோ கோயில் திருவிழாவுக்கோ போகும்போது, சாப்பாட்டுக் கூடாரத்தின் பின்பக்கம் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். பெரிய அலுமினியப் பானையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். அதற்குள் ஒரு துணிப்பை நிறையத் தேயிலைத் தூள் தொங்கும். பக்கத்து மேசையில் பால் டின்கள் வரிசையாக இருக்கும். ஒருவர் டின்களைத் துளைத்துக் கவிழ்த்துக்கொண்டே இருப்பார்.

சில மாதங்களுக்கு முன் சுங்கைப்பட்டாணிக்கு அருகில் ஓர் உறவினர் வீட்டு நிகழ்ச்சியில் நான் அந்த டின்களை எண்ணினேன். 200 கோப்பைத் தேநீருக்கு 500 கிராம் டின் 12. அது போதாது என்று 2 கிலோ சீனியும் போட்டார்கள். “விசேஷ வீட்டுத் தேத்தண்ணி இனிப்பா இருக்கணும்ல?” என்றார் கலக்கியவர். அவர் அன்போடு செய்கிற வேலை அது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அன்று என் பக்கத்தில் அமர்ந்திருந்த பெரியப்பாவை நினைத்தால் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

பெரியப்பா பீடோங் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். இப்போது பட்டணத்துத் தாமான் வீட்டில் இருக்கிறார். இருபது ஆண்டுகளாக அவருக்கு நீரிழிவு. கிளினிக்கில் கொடுத்த புத்தகத்தை ஒழுங்காகக் கொண்டுபோய் வருவார். வீட்டில் சீனி இல்லாத தேநீர்தான் குடிப்பார். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று வீட்டு விசேஷங்களுக்குப் போய், மூன்று வீட்டிலும் கொடுத்ததைக் குடித்தார். ஏன் என்று கேட்டேன். “வேணாம்னா அவங்க முகம் வாடிப்போகும்டா” என்றார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலில் ஆறாத புண் வந்து ஒரு விரலை எடுத்தார்கள். விசேஷ வீட்டுத் தேநீரால்தான் விரல் போனது என்று நான் சொல்ல மாட்டேன். அறிவியல் அப்படி ஒற்றைக் காரணம் காட்டிப் பேசாது. ஆனால் ஒரு நோயாளி தன் உடம்பைவிட நம் முகவாட்டத்துக்குப் பயப்படுகிறார் என்றால், உபசரிப்பில் எங்கோ ஒரு பிழை இருக்கிறது.

என் கருத்து இதுதான்: தேநீர் நல்லது, விசேஷத்தில் தேநீர் கொடுக்கும் வழக்கமும் நல்லது. மாற வேண்டியவை இரண்டு. ஒன்று, விருந்தாளியைக் கேட்காமலே சீனியைக் கலந்துவிடுவது. இன்னொன்று, சோற்றோடு சோறாகத் தேநீரைக் கொடுப்பது. இவற்றை மாற்றக்கூடியவர்கள் நீங்கள்தான் என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

கோப்பைக்குள் என்ன இருக்கிறது?

பச்சைத் தேநீர், கறுப்புத் தேநீர், சீனர்கள் குடிக்கும் ஊலோங் எல்லாமே கமேலியா சினென்சிஸ் என்ற ஒரே செடியின் இலைதான். பறித்த இலையை நசுக்கி, காற்றுப் படும்படி விட்டால், இலையிலுள்ள ஒரு நொதி வேலை செய்யத் தொடங்கும். வெட்டிய ஆப்பிள் பழுப்பாவதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே வேலைதான் இங்கும். அப்போது உருவாகும் தீஃபிளேவின், தீருபிகின் என்ற சேர்மங்களே நம் தேநீருக்குச் செம்பொன் நிறத்தையும் துவர்ப்பையும் தருகின்றன.

தேநீரில் கஃபீன் இருக்கிறது. ஒரு பெரிய கோப்பைக் கறுப்புத் தேநீரில் சுமார் 40 முதல் 50 மில்லிகிராம் வரை. அதனால்தான் குடித்ததும் தூக்கம் கலைகிறது. கூடவே தியானின் என்ற அமினோ அமிலமும் இருக்கிறது. ஜப்பானில் தேயிலையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது அது. கஃபீனோடு சேரும்போது பரபரப்பில்லாத விழிப்பைத் தருவதில் அதற்குப் பங்கு உண்டு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. எஸ்பிஎம் தேர்வுக்குப் படிப்பவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். உடலில் நுழைந்த கஃபீன் பாதியாகக் குறையச் சுமார் 5 மணி நேரம் ஆகும். இரவு 9 மணிக்குக் குடித்த தேநீரின் கஃபீனில் பாதி, அதிகாலை 2 மணிக்கும் உங்கள் இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.

சீனி சேர்க்காத தேநீரில் கலோரி இல்லை என்றே சொல்லலாம். ஆனால் அது மருந்தும் அல்ல. “இந்தத் தேநீரைக் குடித்தால் எடை குறையும், சர்க்கரை நோய் போய்விடும்” என்று கைப்பேசியில் வரும் விளம்பரங்களை நம்பாதீர்கள். அப்படிப்பட்ட பல பொட்டலங்களில் பேதியாக்கும் இலைகள்தான் இருக்கின்றன. குறைவது உடம்பின் நீர், கொழுப்பு அல்ல. தேநீர் ஒரு நல்ல பானம். அந்தப் பெருமை அதற்குப் போதும்.

பால் டின் எப்படி வந்தது?

“விசேஷத்தில் இனிப்பான பால் தேநீர் கொடுப்பது நம் பாரம்பரியம்” என்று பெரியவர்கள் சொல்லலாம். அதைக் கொஞ்சம் ஆராய்ந்து பார்ப்போம்.

நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய நம் முன்னோர்களில் பெரும்பாலோர் ஊரில் விருந்தாளிக்கு மோரோ பானகமோ கொடுத்தவர்கள். இந்தியாவில் விளைந்த தேயிலை அப்போது பெரும்பாலும் ஏற்றுமதிக்கே போனது. 1930களில் உலகப் பொருளாதாரம் சரிந்து தேயிலை தேங்கியபோது, தேயிலை நிறுவனங்களின் சார்பில் இந்திய ஊர்களுக்குள்ளேயே பெரிய விளம்பர முயற்சி நடந்தது. தேநீர் போடுவது எப்படி என்று செய்முறை காட்டினார்கள், இலவசமாகவும் ஊற்றிக் கொடுத்தார்கள். ஆக, தேநீர் உபசாரம் நம் கொள்ளுத் தாத்தா காலத்தில் பரவிய பழக்கம்.

கெடா தோட்டங்களில் விளைந்தது ரப்பர், பிறகு செம்பனை. தேயிலை, கேமரன் மலை போன்ற குளிர்ந்த இடங்களில் விளைந்தது. ஜே. ஏ. ரஸ்ஸல் அங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1929இல். நம் மக்கள் விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போய், பிறகு நிரையில் மரம் வெட்டியவர்கள். போத்தலில் கொண்டுபோன தே ஓ, அதாவது பால் இல்லாத தேநீர்தான் அவர்களுக்குக் காட்டில் துணை. வெயிலில் நடந்து உழைத்த உடம்புக்கு அதிலிருந்த சீனி எரிபொருளாகச் செலவானது.

பால் தேநீர் விருந்தாளிக்கும் விசேஷத்துக்கும் உரியது. சிலர் மாடு வளர்த்தார்கள். மற்றவர்களுக்குப் பால் என்றால் டின் பால்தான். இங்கேதான் அறிவியல் வருகிறது. அமெரிக்காவில் கெயில் போர்டன் என்பவர் பாலைச் சுண்டவைக்கும் முறைக்கு 1856இல் காப்புரிமை பெற்றார். சுண்டிய பாலில் நிறையச் சீனியைக் கலந்தால் அது மாதக்கணக்கில் கெடாது. காரணம் நீங்கள் ஓஸ்மோசிஸ் என்று படித்ததுதான். பாக்டீரியாவைச் சுற்றிலும் செறிந்த சீனிக் கரைசல் இருந்தால், பாக்டீரியாவின் உள்ளிருக்கும் நீர் வெளியேறிவிடும். அது வளர முடியாது.

கவனியுங்கள். டின்னில் அவ்வளவு சீனி இருப்பதற்கு முதல் காரணம் ருசி அல்ல. பாலைக் கெடாமல் காப்பதற்காகச் சேர்த்தது அது. லயத்து வீடுகளில் குளிர்பதனப் பெட்டி கிடையாது. பல தோட்டங்களில் மின்சாரமே மாலையில் சில மணி நேரம்தான். அந்த வீட்டுக்கு டின் பால் பெரிய உதவி. பிறகு நாம் தாமானுக்குக் குடிபெயர்ந்தோம். வீட்டுக்கு வீடு குளிர்பதனப் பெட்டி வந்தது. ஆனால் அதன் வேலையைச் செய்ய வந்த சீனி மட்டும் நம் கோப்பையை விட்டுப் போகவில்லை.

இன்னொரு செய்தி. கடையில் வாங்கும் டின்னின் பெயரை நின்று படித்துப் பாருங்கள். பலவற்றில் ‘கிரீமர் மானிஸ்’ என்றுதான் இருக்கும். அதில் பால் கொழுப்புக்குப் பதில் பெரும்பாலும் செம்பனை எண்ணெய் சேர்க்கப்பட்டிருக்கும். பால் என்று நினைத்து நாம் ஊற்றுவதில் பாலின் பங்கு நாம் நினைப்பதைவிடக் குறைவு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இப்போது அந்த 12 டின்களுக்கு வருவோம். இனிப்பூட்டிய கெட்டிப் பாலின் எடையில் சுமார் 45 விழுக்காடு, சேர்க்கப்பட்ட சீனி. அப்படியானால் 500 கிராம் டின்னில் 225 கிராம். 12 டின்னில் 2,700 கிராம். தனியாகப் போட்ட 2,000 கிராமையும் சேர்த்தால் 4,700 கிராம். 200 கோப்பைக்குப் பங்கிட்டால் ஒரு கோப்பைக்கு 23.5 கிராம். ஏறக்குறைய 6 தேக்கரண்டி.

உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டலில், சேர்க்கப்படும் சீனி ஒரு நாளைய ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது. 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்றும் சொல்கிறது. நாளுக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு முதல் அளவு 50 கிராம், இரண்டாவது 25 கிராம். அந்த வீட்டின் ஒரே ஒரு கோப்பை, நாள் முழுவதற்குமான நல்ல அளவை ஏறக்குறைய முடித்துவிட்டது. லட்டும் கேசரியும் இன்னும் கணக்கில் சேரவில்லை. என் பெரியப்பா குடித்தது மூன்று கோப்பை.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் அல்ல. சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வில், பெரியவர்களில் ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. 2023 ஆய்வில் அது அறுவரில் ஒருவர். கொஞ்சம் குறைந்திருக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் மூன்று இனங்களையும் ஒப்பிட்டால், இந்தியர்களிடையேதான் இந்நோய் அதிகம் என்பது மாறவில்லை. அரசாங்கம் 2019 ஜூலை முதல் இனிப்புப் பானங்களுக்கு வரி விதித்து வருகிறது. அது தொழிற்சாலையில் அடைத்து விற்கும் பானங்களுக்கானது. நம் கூடாரத்துப் பானைக்கு எந்த வரியும் இல்லை, எந்த லேபிளும் இல்லை. அங்கே என்ன கலக்கப்படுகிறது என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

கசக்க வைத்துவிட்டு இனிப்பூட்டுகிறோம்

“சீனி போடாவிட்டால் கசக்குமே” என்பீர்கள். உண்மைதான். ஆனால் ஏன் கசக்கிறது?

தேயிலைத் தூளைக் கொதிநீரில் 3 முதல் 5 நிமிடம் வைத்தால் மணமும் நிறமும் வேண்டிய அளவு இறங்கிவிடும். அதற்கு மேலும் ஊறினால் துவர்ப்பும் கசப்பும் தரும் சேர்மங்கள் தொடர்ந்து இறங்கும். இவற்றையே பொதுவாகத் தானின் என்கிறோம். நாம் என்ன செய்கிறோம்? காலை 7 மணிக்குத் துணிப்பையைப் பானைக்குள் போட்டு, பகல் 12 மணி வரை அடுப்பிலேயே வைத்திருக்கிறோம். கசக்காமல் என்ன செய்யும்? பிறகு அந்தக் கசப்பை மறைக்கச் சீனியைக் கொட்டுகிறோம்.

இதற்கு வழி மிக எளிது. 5 நிமிடத்தில் பையை வெளியே எடுத்துவிடுங்கள். கூட்டம் வர வர, சிறு பானையில் புதிதாகப் போடுங்கள். இன்னொரு வழி, இனிப்பில்லாத பால். பாலிலுள்ள கேசீன் என்ற புரதம் தானினைப் பிடித்துக்கொள்வதால் துவர்ப்பு தணியும். தே சி குடிப்பவர்களுக்கு இது தெரியும். அதில் ஊற்றுவது இனிப்பில்லாத ஆவிப் பால். சீனி வேண்டுமானால் தனியாகப் போட்டுக்கொள்ளலாம்.

நம் தே தாரேக்கையும் இங்கே பாராட்ட வேண்டும். 2024 டிசம்பரில் மலேசியாவின் பசியாறல் பண்பாட்டை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக், ரொட்டி சானாயோடு தே தாரேக்கும் அந்தப் பண்பாட்டின் அடையாளம். ஒரு குவளையிலிருந்து மற்றொன்றுக்கு உயரத்திலிருந்து இழுக்கும்போது தேநீர் மெல்லிய தாரையாகி, காற்றுப் படும் பரப்பு கூடுகிறது. ஆவியாதல் வேகமாகிறது, சூடு இறங்குகிறது. பால் புரதம் காற்றைப் பிடித்து நுரையாகிறது. சூடு இறங்குவதிலும் நன்மை உண்டு. 65 பாகை செல்சியசுக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் எச்சரித்தது. ஆற்றிக் குடிக்கச் சொன்ன பாட்டியின் பேச்சில் அறிவியல் இருந்தது. இந்த நுரைக்கும் ஆற்றலுக்கும் 6 கரண்டிச் சீனி தேவையே இல்லை.

சோற்றோடு தேநீர் வேண்டாம்

இரண்டாவது மாற்றத்துக்கு வருகிறேன். மாணவிகள் இதைக் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டும்.

விசேஷ வீட்டில் இலையில் சாப்பிட்டு எழுந்ததும் கையில் தேநீர்க் கோப்பை வந்துவிடும். கீரை, பருப்பு, கடலை போன்றவற்றில் உள்ள இரும்புச்சத்தைத் தேநீரின் தானின் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடித்த இரும்பு கரையாது, குடலால் அதை உறிஞ்ச முடியாது. தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் 1975இல் வெளியிட்ட ஆய்வில், ரொட்டியிலிருந்தும் சோற்று உணவிலிருந்தும் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தேநீர் குறைத்ததைக் காட்டினார்கள். மரக்கறி உணவை நம்பி வாழ்பவர்களுக்கே இதனால் பாதிப்பு அதிகம்.

நம் நாட்டில் 2019 ஆய்வின்படி குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் 10 பேரில் சுமார் 3 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. வகுப்பில் சோர்ந்து உட்காரும் தோழியைச் சோம்பேறி என்று கேலி செய்யுமுன் இதை நினையுங்கள். அவளுக்குத் தேவை திட்டு அல்ல, ஓர் இரத்தப் பரிசோதனையாக இருக்கலாம்.

தீர்வு? நேரத்தை மாற்றுங்கள், போதும். 2017இல் பிரிட்டனில் பெண்களிடையே நடந்த ஆய்வில், சாப்பிட்டு 1 மணி நேரம் கழித்துத் தேநீர் குடித்தால் இந்தப் பாதிப்பு பெரிதும் குறைவது தெரிந்தது. ஆகவே விருந்தாளி வந்து அமர்ந்ததும் தேநீர் கொடுப்போம். சடங்குகள் முடிந்து இலை போட எப்படியும் ஒரு மணி நேரம் ஆகிவிடும். சாப்பாட்டோடு எலுமிச்சை நீர் வைப்போம். அதிலுள்ள வைட்டமின் சி, இரும்பை உறிஞ்ச உதவும்.

நம்ப முடியவில்லையா? பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஆசிரியரின் மேற்பார்வையில் செய்து பாருங்கள். ஒரு சோதனைக் குழாயில் சீனியும் பாலும் சேர்க்காத கடுந்தேநீர். அதில் இரும்பு சல்பேட்டுக் கரைசலைச் சில துளி விடுங்கள். செம்பொன் நிறம் கருத்துப்போகும். முற்காலத்தில் எழுத்து மை தயாரித்தது இதே தானின், இரும்பு வினையால்தான். அந்தக் கறுப்பைப் பார்த்த பிறகு சோறும் தேநீரும் உங்களுக்கு ஒன்றாகச் சேராது.

‘காலி’ என்ற பெயரின் கதை

இனி, எதிர்ப்புகளுக்கு வருவோம். சீனி இல்லாத தேநீருக்கு நம் நாட்டில் என்ன பெயர்? தே ஓ கோசோங். மலாய் மொழியில் கோசோங் என்றால் காலி, வெறுமை. இந்தப் பெயரிலேயே நம் தயக்கம் இருக்கிறது. பால் வாங்கக் காசில்லாத, சீனியையும் எண்ணி எண்ணிப் போட்ட தோட்டத்து நாள்களை நம் பெரியவர்கள் மறக்கவில்லை. விருந்தாளிக்கு இனிப்பான பால் தேநீர் கொடுப்பது அவர்களுக்கு, “நாங்கள் இல்லாதவர்கள் அல்ல” என்று தலைநிமிர்ந்து சொல்வது. அதைப் புரிந்துகொள்ளாமல், “சீனி விஷம், நிறுத்துங்கள்” என்று பாட்டியிடம் கத்தினால் அவர் மனம் புண்படும். பழக்கமும் மாறாது.

“வருஷத்துக்கு ஒரு நாள்தானே?” என்றும் கேட்பார்கள். ஒரு வீட்டுக்கு அது ஒரு நாள். விருந்தாளிக்கு அப்படி அல்ல. நிச்சயதார்த்தம், திருமணம், வளைகாப்பு, புதுமனை புகுவிழா, தோட்டத்து மாரியம்மன் திருவிழா, தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல், தீபாவளித் திறந்த இல்லம், துக்க வீடு, 16ஆம் நாள் காரியம் என்று எல்லாவற்றையும் உங்கள் வீட்டு நாள்காட்டியில் குறித்துப் பாருங்கள். கூலிம், லூனாஸ், பாடாங் செராய் என்று எந்த ஊரில் இருந்தாலும், பல மாதங்களில் எல்லா வாரக் கடைசியிலும் ஏதோ ஒரு பானை கொதித்துக்கொண்டிருக்கும்.

நான் தேநீரை நிறுத்தச் சொல்லவில்லை, சீனியைத் தடை செய்யவும் சொல்லவில்லை. இனிப்பாகக் குடிக்க விரும்புபவர் குடிக்கட்டும். ஆனால் அதை அவர் தேர்ந்தெடுக்க வேண்டும். பானையில் கலந்துவிட்டால் 200 பேருக்கும் சேர்த்து ஒருவர் தேர்ந்தெடுத்துவிடுகிறார். மேசையில் சீனிக் கிண்ணத்தையும் கரண்டியையும் வைத்தால், ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியதைத் தாமே எடுத்துக்கொள்வார்கள். நீரிழிவு உள்ளவர் தன் நோயைச் சபையில் சொல்லிக் கூச வேண்டியதில்லை. மறுத்தால் முகம் வாடுமோ என்று பயப்படவும் வேண்டியதில்லை.

நீங்கள் செய்யக்கூடியது

விசேஷ வீடுகளில் தட்டேந்திப் போய்த் தேநீர் கொடுப்பவர்கள் யார்? பெரும்பாலும் நீங்கள்தான். படிவம் 3, 4 படிக்கும் பிள்ளைகளை அழைத்து, “கொண்டுபோய்க் கொடு” என்பார்கள். மாற்றம் உங்கள் கையிலேயே இருக்கிறது என்று நான் சொன்னது அதனால்தான்.

அடுத்த விசேஷத்தில் இப்படிச் செய்து பாருங்கள். கலக்குபவரிடம் மரியாதையாக, “அண்ணே, ஒரு பானை மட்டும் சீனி போடாம வைக்கலாமா? நான் சீனியைத் தனியா கொண்டு போறேன்” என்று கேளுங்கள். முழுப் பானையையும் மாற்றச் சொல்லாதீர்கள். ஒன்று போதும். பிறகு விருந்தாளியின் முன் நின்று, “வாங்க மாமா, தேத்தண்ணி எடுத்துக்குங்க. சீனி எவ்வளவு போடட்டும்?” என்று கேளுங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் எந்தப் பானை எவ்வளவு மீந்தது, எத்தனை டின், எத்தனை கிலோ சீனி செலவானது என்று குறித்து வையுங்கள். அடுத்த விசேஷத்தில் மீண்டும் குறியுங்கள். இரண்டையும் ஒப்பிட்டால் அது உங்கள் சொந்த ஆய்வு. பாட்டியிடம் வாதாடுவதற்கு இந்தக் கட்டுரையைவிட அந்தக் கணக்கு நன்றாக உதவும்.

எங்கள் குடும்பத்தில் போன மாதம் ஒரு நிச்சயதார்த்தம் நடந்தது. என் தங்கை மகள் படிவம் 4 படிக்கிறாள். அவள்தான் தட்டைத் தூக்கினாள். பெரியப்பாவிடம் போய், “தாத்தா, சீனி எவ்வளவு?” என்று கேட்டாள். அவர் ஒரு நொடி விழித்தார். அத்தனை ஆண்டுகளில் எந்த விசேஷ வீட்டிலும் யாரும் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. “வேணாம்மா, இப்படியே கொடு” என்று வாங்கிக்கொண்டார். இழுத்து ஆற்றிய, சீனி இல்லாத பால் தேநீர். யாருடைய முகமும் வாடவில்லை. அவர் அதை மெதுவாகக் குடித்து முடித்துவிட்டு, “தேயிலை வாசம் நல்லாத் தெரியுது” என்றார். இன்னொரு கோப்பையும் கேட்டார்.